சிறைப்பட்ட காய்

யப்பானிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் சிறிய மரப்பெட்டியொன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். உள்ளே நாற்பது மரத்துண்டுகள். எல்லாம் தட்டையானவை, ஐந்து பக்கங்களும் ஒரு கூர்முனையும் கொண்டவை. மேலே கறுப்பு மையில் எழுத்துகள். நம் சதுரங்கப் பெட்டியில் கறுப்பும் வெள்ளையும் தனித்தனியே தெரியும். இங்கோ எல்லாக் காய்களும் ஒரே நிறம். "இவற்றில் உங்களுடையவை எவை, என்னுடையவை எவை?" என்று கேட்டேன். "கூர்முனை எவரை நோக்கி நிற்கிறதோ, அவருக்கு அது எதிரி" என்றார் நண்பர். அந்த ஆட்டம் முழுவதும் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கியிருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

ஷோகி என்பது அதன் பெயர். யப்பானியச் சதுரங்கம் எனலாம். பக்கத்துக்கு ஒன்பதாக 81 கட்டங்கள். ஒவ்வொருவருக்கும் இருபது காய்கள். அரசன் ஒருவன், அவனுக்கு இருபுறமும் பொன் தளபதிகள் இருவர், அவர்களுக்கு அப்பால் வெள்ளித் தளபதிகள் இருவர், பின்னே குதிரைகள் இரண்டு, ஓரங்களில் நேர்முன்னே மட்டும் பாயும் தேர்கள் இரண்டு. நம் சதுரங்கத்துத் தேரைப் போல ஓடும் 'பறக்கும் தேர்' ஒன்று. மூலைவாட்டில் செல்லும் காய் ஒன்று. முன்வரிசையில் ஒன்பது காலாட்கள். எதிரியின் கடைசி மூன்று வரிசைகளுக்குள் புகும் காய் பதவி உயர்வு பெறலாம். அதைப் புரட்டிவைத்தால் மறுபக்கத்திலுள்ள எழுத்து புதிய பதவியைக் காட்டும். பறக்கும் தேர் நாகராசனாகும். சாதாரணக் காலாள் பொன் தளபதிக்குச் சமமாகிவிடுவான். அரசனுக்கும் பொன் தளபதிக்கும் மட்டும் இந்த உயர்வு இல்லை.

இந்த வெள்ளித் தளபதி நமக்கு முற்றிலும் அந்நியனல்லன். அவன் நேர்முன்னே ஒரு கட்டமும் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு கட்டமும் செல்வான். பதினோராம் நூற்றாண்டில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, அங்கே கண்ட சதுரங்க யானையின் நடையை இவ்வாறே விவரிக்கிறார்: துதிக்கைக்கு ஒரு கட்டம், கால்களுக்கு நான்கு. பர்மியச் சதுரங்கத்து யானைக்கும் இதே நடைதான். இந்தியாவில் பிறந்த ஆட்டம் பல நாடுகளைக் கடந்து யப்பானை அடைந்தபோது யானை தன் பெயரை இழந்தது, நடையை இழக்கவில்லை. நாரா நகரின் கோபுகுஜி ஆலய வளவில் 1993இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஷோகிக் காய்களோடு, 1058ஆம் ஆண்டைக் குறிக்கும் மரத்துண்டு ஒன்றும் கிடைத்தது. அன்றும் காய்களின் வடிவம் இதே ஐங்கோணந்தான்.

ஆனால் ஷோகியை மற்றெல்லாச் சதுரங்கங்களிலிருந்தும் பிரித்துக் காட்டுவது வேறொரு விதி. இங்கே வெட்டப்பட்ட காய் சாவதில்லை. அது வெட்டியவரின் கைக்குச் செல்கிறது. பின்னர் தம் முறை வரும்போது, காயொன்றை நகர்த்துவதற்குப் பதிலாக, அந்தக் கைதியை அவர் வெறுங்கட்டமொன்றில் தம் படைவீரனாக இறக்கலாம். கூர்முனை இப்போது பழைய எசமானனை நோக்கி நிற்கும். இதற்கும் வரம்புகள் உண்டு. பதவி உயராத தன் காலாள் ஏற்கெனவே நிற்கும் நெடுவரிசையில் இன்னொரு காலாளை இறக்கலாகாது. காலாளை இறக்கி அந்த இறக்கத்தாலேயே அரசனை மடக்கிவிடலும் ஆகாது. காய்கள் ஒரே நிறத்தில் தட்டையாகச் செய்யப்பட்டிருப்பதன் பயனும் இங்கேதான் தெரிகிறது. கட்சி மாறும் காய்க்கு நிறம் தடையாயிருக்கும்.

12க்கு 12 கட்டங்களில் 92 காய்களோடு ஆடப்பட்ட பழைய பெரிய ஷோகியில் இந்த விதி இல்லை. ஆயினும் ஒஹாஷி சோகேய், ஹொனின்போ சான்சா என்ற இருவரும் 1607இல் ஆடிய ஆட்டத்தின் பதிவில் அது நிலைபெற்றுவிட்டதைக் காண்கிறோம். அதற்கு முந்திய நூற்றாண்டு யப்பானில் குறுநில மன்னர்கள் ஓயாது பொருத காலம். 1582இல் தக்கேதா குலம் வீழ்ந்தபோது அதன் வீரர் பலரைத் தொக்குகவா இயேயாசு தம் படையிற் சேர்த்துக்கொண்டார். நேற்றைய பகைவன் இன்றைய படைவீரன் என்பது அக்கால மக்கள் கண்ணாற் கண்ட உண்மை. அவர்களுக்கு இந்த விதி விசித்திரமாகத் தோன்றியிராது.

ஆனால் 1947இல் இதே விதி ஒரு விசாரணைக்கு உட்பட்டது. போரில் தோற்ற யப்பானை அப்போது நேசநாட்டுப் படை ஆண்டுகொண்டிருந்தது. அதன் தலைமையகம் ஷோகி ஆட்டக்காரரான மசுதா கோசோவை அழைத்தது. பசிபிக் தீவொன்றில் சிப்பாயாக இருந்து மீண்டவர் அவர். பிடிபட்டவர்களை மீண்டும் போரிட வைக்கும் உங்கள் ஆட்டம் போர்க்கைதிகளைக் கொடுமைப்படுத்துவதற்கு ஒப்பானதல்லவா என்று அதிகாரிகள் கேட்டார்களாம். மசுதா பின்னாளில் தாம் அளித்த பதிலை நினைவுகூர்ந்தார். கைதிகளைக் கொன்றுவிடுவது உங்கள் சதுரங்கமே; நாங்கள் அவர்களைக் கொல்வதில்லை, முன்னிருந்த பதவியிலேயே வேலை கொடுக்கிறோம்; அத்தோடு, அரசியைப் பலிகொடுத்துத் தான் தப்பும் அரசன் உங்கள் பலகையில்தான் இருக்கிறான் என்பது அவர் பதிலின் சாரம்.

இந்தக் கதையை ஷோகி அன்பர்கள் இன்றும் களிப்போடு சொல்வார்கள். நானும் முதலிற் சிரித்தேன். பின்னர் என்னால் சிரிக்க முடியவில்லை. காரணம், 'கைதிக்கு வேலை கொடுப்பது' என்ற சொல்லுக்கு 1947இல் வேறொரு பொருளும் இருந்தது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் யப்பானிய இராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையை அமைத்தது. நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்தனர். 12,000க்கு மேற்பட்டோர் மடிந்தனர். அவர்களைவிட மிகப் பெருந்தொகையாக மடிந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுட் பெருந்தொகையினர். அவர்களுக்கும் வேலைதான் கொடுக்கப்பட்டது. ஆகவே அதிகாரிகளின் கேள்வி அறியாமையிலிருந்து மட்டும் பிறந்ததென்று என்னாற் கொள்ள முடியவில்லை.

அப்படியானால் ஆட்டம் குற்றவாளியா? நான் அவ்வாறு எண்ணவில்லை. அந்த விதியை இன்னொருமுறை பாருங்கள். சிறைப்பட்ட குதிரை குதிரையாகவே களத்துக்கு மீள்கிறது. வெள்ளித் தளபதி வெள்ளித் தளபதியாகவே இறங்குகிறான். எதிரியின் மண்ணிற் பெற்ற பதவி உயர்வு போய்விடும். அடிப்படைப் பதவியை எவரும் பறிக்க முடியாது. மசுதா பலகையைப் பற்றிச் சொன்னது பொய்யன்று. அந்த விதியை இரவு பகலாகப் பயின்ற ஒரு நாட்டின் இராணுவம், பலகைக்கு வெளியே அதை மறந்துவிட்டது. தண்டவாளத்தின் ஓரத்தில் புதையுண்டவர்களுக்குப் பதவியுமில்லை. பலருக்குப் பெயரெழுதிய ஒரு மரத்துண்டுகூட இல்லை.

நண்பரின் பெட்டியை மூடுமுன் காய்களை எண்ணினேன். ஆட்டம் முடிந்த பிறகும் நாற்பது இருந்தன. ஒன்றும் குறையவில்லை.