காப்பாளர் யார்? ஓசூர்–கிருஷ்ணகிரி ஆலைப் பெண்களின் நாற்பது ஆண்டுகள்

பெண்கள் விடுதியில் சேரும்போது நிரப்பித் தருகிற படிவத்தில் 'தந்தை / கணவர் / காப்பாளர்' என்று ஒரு கட்டம் இருக்கும். சம்பளம் வாங்குபவள் அவள், வங்கிக் கணக்கும் அவள் பெயரில்தான். ஆனாலும் அந்தக் கட்டத்தில் இன்னொருவர் பெயர் விழுந்தாக வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் 1980களிலிருந்து ஆலைக்கு வந்த பெண்களின் வரலாற்றை அந்த ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டே படித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. முதலீடு, மானியம், ஏற்றுமதி பற்றி எழுதியவர்கள் பலர். மகளை வெளியே அனுப்ப ஒரு குடும்பம் யாரை நம்பிச் சம்மதிக்கிறது, அந்தச் சம்மதத்துக்குள் அவள் தனக்கென்று எவ்வளவு இடம் பிடித்துக்கொள்கிறாள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இது எல்லைப் பூமி. ஒரே டீக்கடையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும். சேலம் மாவட்டத்தோடு இருந்த இப்பகுதி 1965இல் தருமபுரி மாவட்டத்துக்குப் போனது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அரசு ஆவணங்களில் நெடுங்காலம் 'பின்தங்கிய பகுதி'. மழை பொய்த்தால் கிளம்பிவிடுவதுதான் இங்கே வழக்கம். முன்பு கோலார் தங்கவயல், பிறகு பெங்களூரின் கட்டடங்கள். பெண்களும் போனார்கள், ஆனால் தனியாக அல்ல. சித்தாள் வேலைக்குப் போனவள் கொத்தனார் கணவனோடு போனாள். காப்பாளர் கூடவே நடந்து வந்ததால், அந்தக் கேள்வியே எழவில்லை.

அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் 1971இல் உருவானது. அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்டின் ஆலை, அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட். இரும்பும் எண்ணெயும் சேர்ந்த இவ்வேலைகள் ஆண்களுடையவை என்பதில் அன்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கைக்கடிகாரம் வந்தபோதுதான் கதை மாறியது.

வளர்ப்புப் பெற்றோர்

டாட்டா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து 1984இல் தொடங்கியது டைட்டன். ஓசூர் ஆலைக்கு அனுபவசாலிகளைத் தேடாமல், சுற்று மாவட்டக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். பதினேழு, பதினெட்டு வயது. அவர்களில் பெண்களும் இருந்தார்கள். பலருக்கு அதுதான் ஊரைவிட்டு முதல் பயணம்.

கடிகாரம் கோர்க்கப் பெண் விரல்தான் பொருத்தம் என்று ஒரு பேச்சு உலகெங்கும் உண்டு, ஏதோ பிறவிக் குணம் போல. ஐந்து வயதிலிருந்து மல்லிகை கட்டி, அரிசியில் கல் பொறுக்கி, தங்கைக்குப் பேன் பார்த்துப் பழகிய விரல் அது. கூலியில்லாமல் அம்மா கொடுத்த பயிற்சிக்கு ஆலை 'இயல்பு' என்று பெயர் வைத்துக்கொண்டது.

நம் கேள்விக்கு முக்கியமானது வேறொன்று. அந்தப் பிள்ளைகளை நிறுவனம் வெறும் விடுதியில் அடைக்கவில்லை. மூத்த தம்பதியரை 'வளர்ப்புப் பெற்றோர்' என்று அமர்த்தி, அவர்கள் பொறுப்பில் வீடுகளில் குழுக் குழுவாகத் தங்கவைத்தது. சாப்பாடு, காய்ச்சலுக்கு மருந்து, நேரத்துக்கு வீடு திரும்புதல் எல்லாம் அவர்கள் கவனிப்பில். மகளைப் பிரியும் தகப்பனுக்கு 'கம்பெனி' என்ற சொல் ஆறுதல் தராது. 'அங்கே ஒரு அம்மா, அப்பா இருக்காங்க' என்ற வாக்கியம் தரும். இதைப் புரிந்துகொண்ட ஏற்பாடு அது.

ஜப்பானில் 1872இல் டோமியோக்கா பட்டு ஆலை திறந்தபோதும் இதே சிக்கல்தான். அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் குடித்த சிவப்பு ஒயினைப் பார்த்து, அவர்கள் பெண்களின் ரத்தத்தைக் குடிக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. வேலைக்கு ஆள் வரவில்லை. ஆலையின் தலைவர் ஒடாக்கா அட்சுதடா பதினான்கு வயதான தன் மகளையே முதலில் சேர்த்தார். ஒரு தகப்பனை நம்பவைக்க இன்னொரு தகப்பன் தேவைப்பட்டான். நூறு ஆண்டு கழித்து ஓசூரிலும் ஆலை வாசலில் நின்றது குடும்பத்தின் சாயல்தான்.

அதற்கு விலையும் உண்டு. அப்பாவிடமிருந்து அரைச் சுதந்திரம் வாங்கி வந்தவள் இன்னொரு அப்பாவிடம் நேரத்துக்குக் கணக்குச் சொன்னாள். ஆனாலும் ஒன்று மாறிவிட்டது. கைக்கு நேராகச் சம்பளம் வந்தது. 'வரன் வந்திருக்கு, வேலையை விடு' என்று ஊரிலிருந்து கடிதம் வரும்போது, 'வேலையில இருக்கிற பொண்ணு' என்பதே தன் கல்யாணச் சந்தை மதிப்பு என்று எடுத்துச்சொல்ல அவளால் முடிந்தது. மரபை மீறாமல் மரபின் கணக்கையே தனக்குச் சாதகமாகத் திருப்பும் இந்தச் சாமர்த்தியத்தைப் பின்னால் வந்த ஒவ்வொரு தலைமுறையிலும் பார்க்கலாம்.

திண்ணைக்கு வந்த வேலை

எல்லாக் குடும்பமும் மகளை அனுப்பாது. மருமகளை அனுப்பவே அனுப்பாது. அப்படிப்பட்ட வீடுகளைத் தேடி வேலையே வந்தது, குழுக்கள் வழியாக. 1989இல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு அரசு மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். இன்று மாநிலம் முழுக்கப் பரவியிருக்கும் சுய உதவிக் குழுக்களின் நாற்றங்கால் இந்த மண். 1990களின் நடுவில் மைராடா தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் டைட்டன் தன் வேலையில் ஒரு பகுதியைக் குழுப் பெண்களிடம் வெளியே கொடுத்தது. அதிலிருந்து 'மீடோ' என்ற நிறுவனம் பிறந்தது. பெண்களே அதன் பங்குதாரர்கள்.

அந்த வேலையைக் கிட்டே பார்த்தால் தெரியும். உலோகக் கடிகாரப் பட்டையின் கண்ணி ஒவ்வொன்றும் பச்சரிசி அளவுதான். ஒன்றின் துளைக்குள் இன்னொன்றின் துளையை நேராக நிறுத்தி, ஊசி போன்ற முளையைச் செருகித் தட்ட வேண்டும். மயிரிழை கோணினாலும் பட்டை மடங்காது, அப்படியே திரும்பி வந்துவிடும். கழனியில் களை எடுத்த கை இதற்குப் பழகச் சில வாரம் பிடித்திருக்கும். ஆனால் பழகிய பிறகு, அதுவரை யாரும் 'நீ செய்தது சரி' என்று சொல்லியிராத ஒருத்திக்கு நாளில் பலமுறை அதைச் சொன்னது அந்தப் பட்டை.

இங்கே காப்பாளர் யார்? குழு. பன்னிரண்டு, பதினைந்து பெண்கள் சேர்ந்து போனால் மாமியார் வாய் அடங்கும். 'குழுவுல கூப்பிட்டாங்க' என்பது எந்த வீட்டுக் கதவையும் திறக்கும் சாவியானது. அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த சிறுவாடு, பாஸ்புத்தகத்தில் அவள் கையெழுத்தோடு வெளிச்சத்துக்கு வந்தது. ஆனால் வேலை முடிந்து வந்தால் அடுப்பும் மாடும் பிள்ளையும் அப்படியே காத்திருக்கும். வேலை வீட்டுக்குப் பக்கத்தில் வந்ததால், வீட்டு வேலையில் ஒரு துரும்பும் குறையவில்லை.

அதே ஆண்டுகளில் மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் வேறொரு பேரத்தை முன்வைத்தன. மூன்று ஆண்டு ஆலை விடுதியிலேயே தங்கினால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. உழைப்பவள் அவள், காவல் ஆலையுடையது, பணம் வரதட்சணைக்கு. பெற்றோரின் கவலையை இவ்வளவு துல்லியமாக விலை பேசிய திட்டம் வேறில்லை.

இரவு

தொழிற்சாலைகள் சட்டம் 1948, 66ஆம் பிரிவின்படி அன்று பெண்ணுக்கு இரவு ஷிப்டு கிடையாது. பாதுகாப்பு என்ற பெயரில் சட்டமும் ஒரு காப்பாளராகவே நின்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், பெண் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், அந்தத் தடை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆனால் பெண்கள் குழுவாகவே இரவு வேலையில் இருக்க வேண்டும், போக்குவரத்து ஏற்பாடு செய்துதர வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. காவல் நீங்கவில்லை, சட்டத்தின் கையிலிருந்து முதலாளியின் கைக்கு மாறியது.

கம்பெனி வண்டியின் காலம் அதன்பின் வலுத்தது. பர்கூர்ப் பக்கத்துக் காலணி ஆலைக்கும், பின்னர் போச்சம்பள்ளிப் பக்கம் வந்த ஸ்கூட்டர் ஆலைக்கும் விடியுமுன்பே ஊர்முனையில் பெண்கள் நிற்பது பழகிய காட்சி. ஓலா நிறுவனம் 2021 செப்டம்பரில் தன் போச்சம்பள்ளி ஆலையைப் பெண்களே நடத்துவார்கள், 10,000 பேர் என்று அறிவித்தபோது உலகம் வியந்தது. இவ்வட்டாரம் அவ்வளவு வியக்கவில்லை. நாட்டின் ஆலைப் பெண் தொழிலாளர்களில் பத்தில் நால்வர் தமிழ்நாட்டில் இருப்பதாகத் தொழில் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன.

எல்லைக்கு அப்பால், பெங்களூரின் பொம்மனஹள்ளி வரை நீளும் ஓசூர் சாலையின் ஆயத்த ஆடை ஆலைகளிலும் இதே பெண்கள், இதே போன்ற பெண்கள். 58 வயதுவரை வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கைத் தொட முடியாது என்ற புதிய விதியை எதிர்த்து 2016 ஏப்ரல் 18 அன்று அவர்கள் அதே சாலையில் இறங்கினார்கள். தலைவர் என்று யாரும் இல்லை. மறுநாளே மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. பி.எஃப். பணம் அவர்களுக்கு முதுமைக்கான சேமிப்பு அல்ல. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், தங்கையின் கல்யாணம், சில வேளை குடிகாரக் கணவனிடமிருந்து விலகிப் போக ஒரு முன்பணம். சிறுவாட்டின் மேல் கை வைத்தால் என்ன நடக்கும் என்று அன்று அரசு தெரிந்துகொண்டது.

ராஞ்சியிலிருந்து

இப்போதைய அத்தியாயத்தில் திசை தலைகீழாகிவிட்டது. ஆளை வெளியே அனுப்பிய மாவட்டம் ஆளை வரவேற்கிறது. ஓசூருக்கு அருகே டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் கைப்பேசி பாகங்கள் செய்யும் ஆலையை அமைத்தது. ஜார்க்கண்டின் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த 6,000 பழங்குடிப் பெண்கள் இதற்கெனப் பயிற்சி பெற்றிருக்கிறார்கள் என்று 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் சொன்னார். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை எங்கே என்று இங்கே கட்சிகள் கேட்டன. நியாயமான கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி.

உள்ளூர்ப் பெண்ணை வீடு அனுப்புகிறதா என்ற மறுபாதி இதே மாவட்டத்து அஞ்செட்டி மலையில் இருக்கிறது. 2025 மார்ச்சில் தொட்டமஞ்சு மலைக்கிராமத்தைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கல்யாணம் வேண்டாமென்று கதற, அவளைத் தூக்கிக்கொண்டு போன காட்சி கைப்பேசிகளில் பரவியது. கைதுகள் பிறகு நடந்தன. அதே மாவட்டத்தில்தான் கைப்பேசி ஆலையும் இருக்கிறது. ஆலை வாசல் திறந்திருப்பதால் மட்டும் எல்லா வீட்டு வாசலும் திறந்துவிடுவதில்லை.

ஜார்க்கண்ட் பெண்களுக்கும் புலம்பெயர்வு புதிதல்ல. அவர்களின் முன்னோர்கள் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள், அக்காமார் டெல்லி வீடுகளுக்கு வேலைக்குப் போனார்கள். இப்போது ராஞ்சியின் ஹட்டியாவிலிருந்து பெங்களூருக்கு ரயில், அங்கிருந்து அத்திப்பள்ளி தாண்டி ஓசூர். டெல்லி வீட்டு வேலையோடு ஒப்பிட்டால் சம்பளச் சீட்டும் பி.எஃப். எண்ணும் பெரிய மாற்றம். வீட்டுக்கு அனுப்பியது போக மீதியில் ஒரு நல்ல கைப்பேசி, தம்பியின் படிப்பு, தனக்கொரு ஜீன்ஸ். ஞாயிற்றுக்கிழமை ஓசூர்க் கடைவீதியில் கடுகெண்ணெய் கேட்டு அலைகிறார்கள். சால் மரம் பூக்கும் சர்ஹுல் பண்டிகைக்கு இங்கே சால் மரம் இல்லை. அம்மா அங்கே ஆடுவதை வீடியோவில் பார்க்கிறார்கள். லைனில் நிற்கும் உள்ளூர்ப் பெண்ணை 'தீதி' என்கிறார்கள், அவள் இவர்களிடம் 'அக்கா' என்ற சொல்லைத் தருகிறாள்.

இங்கே காப்பாளர், விடுதி. எத்தனை மணிக்குப் போனாய், எப்போது திரும்பினாய், யார் பார்க்க வந்தார்கள் எல்லாம் பதிவேட்டில். வளர்ப்பு அம்மாவிடம் சண்டை போடலாம், சமாதானமும் ஆகலாம். ஆயிரக்கணக்கானோர் தங்கும் கட்டடத்தில் அது முடியாது. 2021 டிசம்பரில் சென்னை அருகே பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள், பூந்தமல்லி விடுதியில் கெட்டுப்போன உணவால் தோழிகள் மருத்துவமனைக்குப் போன பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் விடிய விடிய உட்கார்ந்தார்கள். அதன்பின் அரசே விடுதி கட்டுகிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்களுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரம் அது. ஆனால் 2025 நவம்பரில் இங்கே உத்தனப்பள்ளி அருகே ஒரு பெண்கள் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டு, அங்கேயே தங்கியிருந்த ஒரு பெண் கைதானபோது, பூட்டிய கதவு எதைக் காக்கிறது என்ற கேள்வி மீண்டும் வந்தது. அந்த இரவும் பெண்கள் பெருந்திரளாக வெளியே வந்து நின்றார்கள். கவனித்தால், 2016, 2021, 2025 மூன்றிலும் அவர்களை ஒன்று திரட்டியது கூலி உயர்வு அல்ல. சேமிப்பு, சோறு, குளியலறை. வீட்டிலிருந்தால் அம்மாவின் பொறுப்பில் இருந்திருக்கும் விஷயங்கள்.

1980களின் இறுதியில் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்த பெண்களுக்கு இன்று ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும், ஓய்வுக்குச் சில ஆண்டே பாக்கி. ஓசூரிலேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் உண்டு. மூகண்டப்பள்ளி, மத்திகிரிப் பக்கம் மாடிப் போர்ஷன்களில் ஓர் அட்டை தொங்கும்: 'வீடு வாடகைக்கு. ஃபேமிலிக்கு மட்டும்.' விடுதி வேண்டாமென்று வெளியே அறை தேடும் பெண்கள் முட்டிக்கொள்வது அந்தக் கடைசி வரியில்தான். அப்படியொரு வாசலில் ஒருமுறை நான்கு பேர் நின்றிருந்தார்கள். நால்வரும் வேறு வேறு முகம், ஒருத்தி மட்டும் கொஞ்சம் தமிழ் பேசினாள்.

"எத்தன பேரு? ஃபேமிலியாம்மா?"

"ஆமாக்கா. நாலு பேரும் அக்கா தங்கச்சி."

வீட்டுக்காரம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு சாவி எடுக்க உள்ளே போனார்.