வரப்பு ஆமணக்கின் பாலியெஸ்டர் சரித்திரம்

பவானி வட்டாரத்தில் மஞ்சள் நட்ட தோட்டத்தைச் சுற்றி ஆமணக்கு போடுவது பழைய வழக்கம். இளம் மஞ்சளுக்குக் கொஞ்சம் நிழல் வேண்டும். ஆமணக்கின் அகன்ற இலை அதைக் கொடுக்கும். மானாவாரிக் காட்டில் நிலக்கடலைக்கு ஊடேயும் அது நிற்கும். காய் முற்றியதும் பறித்துக் காயவைத்தால் கொட்டமுத்து. அதை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் மொண்டெடுப்பார்கள். பிறகு இன்னொரு முறை காய்ச்சினால் ஈரம் போய்விடும். விளக்குக்கும், வயிற்றுக்கும், துவரையில் புழு விழாமல் தடவி வைக்கவும் அந்த எண்ணெய்தான். வைக்கோல் கரியோடு குழைத்தால் வண்டி மை. புண்ணாக்கை மாடு தின்னக்கூடாது, ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது. அது எருவாக மஞ்சளுக்கே திரும்பிப் போகும்.

வரப்பில் நின்ற இந்தச் செடிக்குப் பாலியெஸ்டர் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. பாலியெஸ்டர் என்றதும் ஈரோட்டுச் சந்தையில் குவிந்திருக்கும் சட்டைத் துணிதான் நம் கண்முன் வருகிறது. வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டும், கரூரில் கட்டும் பேருந்துகளில் பொருத்தும் ஃபைபர் பாகங்களும் அதே குடும்பம்தான். அமிலமும் ஆல்கஹாலும் நீரை வெளியேற்றிவிட்டுக் கைகோத்து, நீண்ட சங்கிலியாகவோ வலையாகவோ மாறினால் அது பாலியெஸ்டர்.

அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை செடியிலிருந்துதான் பிறந்தது. சுவீடன் வேதியியலர் பெர்சீலியஸ் 1847-இல் டார்டாரிக் அமிலத்தையும் கிளிசரினையும் சேர்த்துக் காய்ச்சிப் பிசின் போன்ற ஒன்றைப் பெற்றார். டார்டாரிக் அமிலம் திராட்சையில் உண்டு; நம் புளியின் புளிப்பும் அதுவே. கிளிசரின் எண்ணெயிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வருவது. பெட்ரோலியத்தின் நிழல்கூடப் படாத பாலியெஸ்டர் அது. ‘தாவரப் பாலியெஸ்டர்’ என்பதை ஏதோ புத்தம்புதிய கண்டுபிடிப்பு போல இன்று விளம்பரம் செய்வது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஆனால் அந்தப் பிசினால் காரியம் ஒன்றும் ஆகவில்லை. 1901-இல் வாட்சன் ஸ்மித் கிளிசரினோடு தாலிக் அன்ஹைட்ரைடைச் சேர்த்தார். நிலக்கரித் தாரில் கிடைக்கும் நாஃப்தலீனிலிருந்து செய்யப்பட்ட பொருள் அது. இப்போது பிசின் கெட்டியானது; கூடவே நொறுங்கவும் செய்தது. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ராய் கீன்லி 1920-களில் அதற்குள் தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலத்தை நுழைத்த பிறகே நொறுங்காத பூச்சு கிடைத்தது. அதற்கு ‘அல்கிட்’ என்று பெயர் வைத்தார். உலகத்தின் கதவு, ஜன்னல், டிராக்டர், லாரி எல்லாவற்றின் மேலும் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தது அதுதான்.

தாலிக் வளையம் விறைப்பானது, அசையாது. கொழுப்பு அமிலமோ 18 கார்பன் நீளமுள்ள வால். நெளியும், இடம் கொடுக்கும். எண்ணெய் கூடினால் பூச்சு வளைந்து கொடுக்கும், ஆனால் மெதுவாகக் காயும், மெத்தென்று இருக்கும். குறைந்தால் சீக்கிரம் காய்ந்து பளபளக்கும், அடிபட்டால் பெயர்ந்துவிடும். பெயிண்ட் தொழிலில் இதை ‘லாங் ஆயில்’, ‘மீடியம் ஆயில்’, ‘ஷார்ட் ஆயில்’ என்று பிரித்தே பேசுகிறார்கள். எண்ணெய்ப் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் போனால் பிரஷ்ஷால் அடிக்கும் வீட்டு பெயிண்ட். 40-க்குக் கீழே இறங்கினால் தொழிற்சாலைச் சூளையில் சுடும் உலோகப் பூச்சு. இளக்கம் செடியிடமிருந்து, விறைப்பு நிலக்கரியிடமிருந்தும் பின்னாளில் பெட்ரோலியத்திடமிருந்தும். தாவரப் பாலியெஸ்டர் பிசினின் வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடக்கும் பேரம்தான்.

ஆமணக்கு இந்தப் பேரத்துக்குள் வந்தது போரின் வழியாக. விளக்கெண்ணெய் தானாகக் காயாது. அதன் கொழுப்பில் ஏறக்குறைய 90 சதவீதமாக இருக்கும் ரிசினோலிக் அமிலத்தில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புதான்; காய்வதற்கு அது போதாது. அதனால் அதை மசகாகவே உலகம் பார்த்தது. ரயில் சக்கரத்துக்கும் முதல் உலகப் போரின் விமான எஞ்சினுக்கும் அது போயிற்று. காஸ்ட்ரால் என்ற எஞ்சின் ஆயிலின் பெயரிலும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான ‘காஸ்டர்’ ஒளிந்திருக்கிறது. பூச்சுத் தொழிலோ தானாகக் காயும் சீனாவின் டங் எண்ணெயை நம்பியிருந்தது. 1937-இல் ஜப்பான் சீனாவுக்குள் படை நடத்த, அந்த வரத்து தடுமாறியது. ரிசினோலிக் அமிலத்தின் பன்னிரண்டாம் கார்பனில் தொங்கும் ஹைட்ராக்சிலை நீராக வெளியேற்றினால் இரண்டாவது இரட்டைப் பிணைப்பு முளைக்கும், எண்ணெய் காயத் தொடங்கும் என்ற அறிவு அப்போது கைகொடுத்தது. நீர் நீக்கிய இந்த விளக்கெண்ணெயில் செய்த அல்கிட், ஆளி விதை எண்ணெய்ப் பூச்சைப் போல மஞ்சளாகப் பழுப்பதும் இல்லை. வெள்ளை பெயிண்டுக்கு அது பெரிய வரம்.

ஃபைபர் பாகங்களின் கதை வேறு. அங்கே பிசின் பூச்சாக இருந்தால் போதாது, சுமை தாங்க வேண்டும். அமெரிக்காவின் ஆஷ்லண்ட் நிறுவனம் சோயா எண்ணெயும் சோள எத்தனாலும் சேர்த்து ‘என்விரெஸ் 1807’ என்ற பிசினைக் கொண்டுவந்தது. ஜான் டீர் அறுவடை இயந்திரங்களின் பக்கப் பலகைகள் அதில் வந்தன. செடியின் பங்கு ஏறக்குறைய கால்வாசி. விளக்கெண்ணெயோடு மலேயிக் அன்ஹைட்ரைடைச் சேர்த்து இன்னும் கெட்டியான பிசினும் ஆய்வகங்களில் செய்திருக்கிறார்கள். ஹைட்ராக்சில் ஏற்கனவே இருப்பதால் சோயாவைவிட இதற்கு வேலை சுலபம். இருந்தாலும் அந்த நீண்ட வால் போகவில்லை. வெயிலில் பிசின் இளகிவிடாமல் இருக்க விறைப்பான துணை ஒன்று தேவைப்படுகிறது.

அந்தத் துணையும் செடியில் உண்டு. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அதைச் சார்பிடாலாக்கி, இரண்டு நீர் மூலக்கூறுகளைக் கழித்தால் ஐசோசார்பைடு. இரட்டை வளையம், நல்ல விறைப்பு. பிரான்சின் ரோக்கெட் நிறுவனம் இதை வணிக அளவில் செய்கிறது. மாவுச்சத்து நமக்கு எங்கே கிடைக்கும் என்று தேடிப் போக வேண்டியதில்லை. பவானியில் காவிரிப் பாலம் தாண்டினால் குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம். அதற்கப்பால் சேலம் வரை மரவள்ளி. அதிலிருந்து ஜவ்வரிசி செய்வது, இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றதால் வேரூன்றிய தொழில். ஆமணக்கையும் மரவள்ளியையும் ஒரே கூரையின் கீழ் ஆராயும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக நிலையம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் இருக்கிறது. விதை ரகமும் கிழங்கு ரகமும் அங்கே வெளிவந்தபடி இருக்கின்றன.

பிசினுக்கு வேண்டிய இளக்கமும் விறைப்பும் காவிரியின் இரு கரைகளிலும் விளைகின்றன என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம். ஆனால் மரவள்ளி மாவு ஜவ்வரிசியாகவும் நெசவுப் பாவுக்கான கஞ்சியாகவும் போவதில்தான் விவசாயிக்கு உடனடிக் காசு. பெட்ரோலியத் தாலிக் அன்ஹைட்ரைடு மலிவாகக் கிடைக்கும்வரை பெயிண்ட் கம்பெனிகள் விறைப்பை அங்கேதான் வாங்கும், செடியிடம் எண்ணெயை மட்டும் கேட்கும்.