வழியிற் பிறக்கும் இரட்டையரும் வைத்தியசாலைப் பதிவும்

நல்லதண்ணியிலிருந்து மஸ்கெலியாவுக்கும் அங்கிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கும் செல்லும் மலைப்பாதையை அறிந்தோருக்கு, பிரசவ வலியெடுத்த தாயொருத்தி அவ்வழியே கொண்டுசெல்லப்படுவதன் அபாயத்தை விளக்கவேண்டியதில்லை. டிசம்பர் முதல் மே வரையான சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில் வாகன நெரிசல் வேறு. இலங்கையின் பிரசவங்களில் 99 வீதத்துக்கும் மேற்பட்டவை வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. இது பெருமைக்குரியதே. எனினும் எஞ்சியவற்றுள், லயத்திலோ வாகனத்திலோ பிறந்துவிடும் இரட்டைக் குழந்தைகளின் நிலை தனியாக நோக்கத்தக்கது.

உலக சுகாதாரப் பேரவை 1990இல் ஏற்றுக்கொண்ட சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தம், உயிருடன் பிறந்த குழந்தைகளைப் பிறந்த இடத்தைக் கொண்டு 'இசட் 38' என்னும் தொகுதியில் வகுக்கிறது. வைத்தியசாலையிற் பிறந்த இரட்டையருக்கு 38.3, வெளியே பிறந்தோருக்கு 38.4, இடம் குறிப்பிடப்படாவிடின் 38.5. மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வெளியே பிறந்தால் 38.7. குழந்தை ஒவ்வொன்றுக்கும் தனிப்பதிவு வேண்டும். இருவரும் உயிருடன் பிறந்தனரா, ஒன்று இறந்து பிறந்ததா என்பது தாயின் பதிவில் 'இசட் 37'இல் இடம்பெறும்.

சிக்கல் இனித்தான். இரட்டையரில் ஏறத்தாழப் பாதிப்பேர் 37 வாரம் நிறையுமுன் பிறப்பவர்கள், எடை குறைந்தவர்கள். குளிர்ந்த உடலுடன் வந்துசேரும் 1,800 கிராம் குழந்தைக்கு 38.4 மட்டும் எழுதப்படின், ஏட்டில் அது குறையேதுமற்ற குழந்தையாகிவிடும். குறைந்த எடைக்குரிய 'பி 07.1', உடல் வெப்பக் குறைவுக்குரிய 'பி 80' ஆகியனவும் சேரவேண்டும். பிறந்த இடம் படுக்கைச் சீட்டில் எழுதப்படாதபோது குறியிடுபவர் 38.5ஐ நாடுவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால் அத்துடன் தோட்டத்துக்கும் வைத்தியசாலைக்கும் இடைப்பட்ட தூரம் கணக்கிலிருந்து மறைந்துபோகிறது. அம்புலன்சும் குழந்தை வெப்பமூட்டியும் எங்கே தேவை என்று கேட்போருக்கு ஆதாரம் இல்லாமற்போகிறது.

வழியில் உடனிருப்போர் அறியவேண்டியவை சில. 1990 இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். முதற் குழந்தையைத் துடைத்து உலர்த்தி, தாயின் வெற்று மார்பில் கிடத்திப் போர்த்தவேண்டும். குளிப்பாட்டலாகாது. மஸ்கெலியாக் குளிரில் ஈரமே முதற்பகை. கொடியை இழுக்கக்கூடாது; இரு குழந்தைகளுக்கும் ஒரே நஞ்சுக்கொடியாயின், வெட்டிய முனையின் தாய்ப்பக்கம் இறுகக் கட்டப்படாதபோது உள்ளிருக்கும் குழந்தை இரத்தமிழக்க நேரலாம். மூத்ததன் மணிக்கட்டில் ஒரு நூலைத் தளர்வாகக் கட்டி, இருவரும் பிறந்த நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்வது நன்று. வைத்தியசாலைப் பதிவுக்கு அத்துண்டுச் சீட்டே சான்று.

நாவில் தேனோ சீனித்தண்ணீரோ தொட்டுவைக்கும் வழக்கம் நம் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது, தாய்ப்பாலே முதலுணவு.

வீட்டில் நலமாகவே பிறந்தனர் என்று இருந்துவிடாமல், இருவரையும் அன்றே வைத்தியரிடம் காட்டி, குடும்பநல மாதுவுக்கும் அறிவிக்கவேண்டும். பிறப்புப் பதிவுக்குச் சட்டம் தரும் காலம் 42 நாட்கள். இரட்டையராயினும் பதிவு இரண்டு, சான்றிதழும் இரண்டு.