முல்லைக்கொடியும் திரும்பிய நந்தியும்: இறைத்தலையீடு குறித்துத் திருமுல்லைவாயில் தரும் சான்றுகள்

படைத்தவன் மனிதர் காரியங்களில் தலையிடுவானா என்ற வினா ஐரோப்பாவில் கடிகாரத்தை வைத்து வாதிக்கப்பட்டது. உலகின் ஓட்டத்தை இறைவன் அவ்வப்போது சீர்செய்ய வேண்டியிருக்கும் என்ற நியூட்டன் தரப்பை, 1715-இல் தொடங்கிய கடிதப் பூசலில் லைப்னிட்ஸ் எள்ளினார். அடிக்கடி சாவி கொடுக்க வேண்டிய கடிகாரம் செய்தவனுக்குப் பெருமையாகாது என்பது அவர் வாதம். சைவ சித்தாந்தத்தில் இந்த வழக்கே எழாது. மெய்கண்டார் மரபில் உயிர்களும் இறைவனைப் போலவே அநாதி. வினையோ சடம், செய்தவனைத் தேடிப் பிடிக்க அதற்குத் தெரியாது, ஊட்டுவிக்க ஒருவன் வேண்டும். உலகை விட்டு அகலாதவன் 'வந்து' தலையிடுவது ஏது?

இந்த விடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சோதிக்க அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையிலுள்ள திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் ஏற்ற இடம். தலபுராணம் இது: குறும்பர் தலைவர்களான ஓணன், வாணன் மீது படையெடுத்த தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக்கொடி சுற்றியது. மன்னன் வாளால் வெட்ட, உள்ளிருந்த லிங்கத்திலிருந்து குருதி பெருகியது. அவன் தன் கழுத்தை அரியத் துணிந்தபோது இறைவன் தோன்றி, நந்தியைப் போர்த்துணையாக அனுப்பினார். நந்தி இறைவனுக்கு முதுகு காட்டி நிற்பதும், லிங்கத்துக்கு ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு இருப்பதும், கருவறை முன் குறும்பர் கோட்டையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் எருக்கந்தூண்கள் நிற்பதும் இக்கதைக்குச் சாட்சிகளாகக் காட்டப்படுகின்றன.

பல்லவர் காலத்துச் சுந்தரர் இங்கே பாடிய பதிகத்தைப் புரட்டினால் படம் மாறுகிறது. தொண்டைமானின் களிற்றை முல்லைக்கொடியால் கட்டியவனே இறைவன். பிறகு வெளிப்பட்டு அம்மன்னனுக்கு எல்லையற்ற இன்பம் தந்தான். அவ்வளவுதான். குறும்பர் இல்லை, வாள் இல்லை, நந்தி இல்லை. அருகிலுள்ள குன்றத்தூரில் பிறந்து பெரியபுராணம் பாடிய சேக்கிழாரும் தொண்டைமானுக்கு அருளியவன் என்ற அளவில் நின்றுவிடுகிறார். பாடாத காரணத்தால் அந்நாளில் கதை வழங்கவில்லை என்று முடிவுகட்ட முடியாதுதான். ஆயினும் மூத்த சான்றில் உள்ள தலையீடு யானையை நிறுத்துவது. போரை வென்று கொடுப்பது அல்ல.

சுந்தரர் இங்கு வந்த நிலையும் கருதத்தக்கது. மகிழமரத்தடியில் தம் மனைவி சங்கிலியாருக்குப் பிரியேன் என்று கொடுத்த சூளுறவை மீறித் திருவொற்றியூரைக் கடந்ததும் பார்வை போயிற்று. சங்கிலிக்காக என் கண்ணைக் கொண்டவன் நீ என்று இதே பதிகத்தில் இறைவனையே முன்னிலைப்படுத்துகிறார். துயரைக் களையுமாறு பாட்டுக்குப் பாட்டு வேண்டுகிறார். கண் கிடைக்கவில்லை. அடுத்து வெண்பாக்கத்தில் ஊன்றுகோல், காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண் என்று சேக்கிழார் வரிசைப்படுத்துகிறார். இறைவனின் தோழனே ஆனாலும் சூளுறவு மீறலின் தண்டனை ஒரே நாளில் ரத்தாகவில்லை. வினையும் அருளும் ஒன்றையொன்று அழிக்காமல் இயங்கும் என்ற சித்தாந்தக் கருத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. (அந்த வெண்பாக்கத்துப் பழைய கோயில், 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தபோது நீருக்குள் போனது. இறைவன் தடுக்கவில்லை, மனிதர்கள் வேறிடத்தில் கோயில் எழுப்பினார்கள்.)

நந்தி கதையில் இதே கோட்பாடு தடுமாறுகிறது. ஓணனும் வாணனும் உயிர்களே. அவர்களுக்கும் இறைவனே பதி, அதாவது தலைவன். அவர்கள் வினை தோல்வியாக விளைந்தது என்று சித்தாந்தி சொல்லக்கூடும். தொண்டைமான் தோற்றிருந்தாலும் அதே விடையை மாற்றாமல் சொல்லியிருக்கலாம். எந்த முடிவுக்கும் பொருந்தும் விளக்கம் எந்த முடிவையும் விளக்காது. சுந்தரர் நிகழ்ச்சியில் சூளுறவு, மீறல், தண்டனை, மீட்பு என்ற தொடர்பு தெரிகிறது. போர்க்கதையில் தெரிவதோ வென்றவன் பக்கமே இறைவன் நின்றான் என்பது மட்டும். வென்ற எந்த அரசமரபும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது அது.

ஆகவே இத்தலத்தைக் காட்டி இறைவன் போரில் ஒரு பக்கம் சேர்வான் என்று வாதிப்போர் தலபுராணத்தைச் சான்றாகக் காட்டலாம். சுந்தரரைக் காட்ட முடியாது. தலவரலாறு அச்சிடுவோர் பதிகச் செய்தியையும் புராணச் செய்தியையும் ஒரே பத்தியில் கலக்காமல் தனித்தனியே தர வேண்டும்.