கீரையிலிருந்து வந்த மாத்திரை

கர்ப்பம் உறுதியானதும் பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது ஃபோலிக் ஆசிட் மாத்திரை. சின்ன மாத்திரை, விலையும் அதிகமில்லை. அதன் வரலாற்றைத் தேடிப் போனால் நம்ம குன்னூரையும் திருவல்லிக்கேணியையும் தாண்டித்தான் போக வேண்டியிருக்கு.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வருகிறார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, பிறகு மருத்துவத்துக்கு மாறியவர். பம்பாயில் ஏழைக் கர்ப்பிணிகளை, மில் தொழிலாளிப் பெண்களை, ஒரு கடுமையான ரத்தசோகை கொன்றுகொண்டிருந்தது. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும். ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை.

பக் எங்கே என்று தேடுகிற ஆள் என்பதால், அவர் தேடிய விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் கிருமியா என்று பார்த்தார். இல்லை. அடுத்து, இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். காய்கறி, பழம், பால் எல்லாமே அந்தத் தட்டுகளில் குறைவு. அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தால் வரவில்லை. நடுவில் பேன் மூலம் பரவிய ஒரு தொற்று எலிகளின் முடிவுகளைக் குழப்பிவிட, குரங்குகளுக்குப் போனார். 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும், அதாவது இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும், வேலை தொடர்ந்தது.

குணப்படுத்தியது மார்மைட். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்து, ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற மலிவான பண்டம். 1931இல் அவர் இதை வெளியிட்டபோது அதற்குள் இருக்கும் பொருளுக்குப் பெயரே இல்லை. ‘வில்ஸ் காரணி’ என்றார்கள். 1941இல் டெக்சாஸில் நான்கு டன் ஸ்பினாச் கீரையிலிருந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். ஃபோலியம் என்றால் லத்தீனில் இலை.

மாத்திரையைக் குறை சொல்ல வரவில்லை. சிசுவின் நரம்புக் குழாய் கருவுற்று சுமார் 28 நாளில் மூடிவிடும். பலருக்குக் கர்ப்பமே அப்போதுதான் தெரியும். முன்பு அந்தக் குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களிடம், மாத்திரை அது மறுபடி வருவதை 72 சதவீதம் தடுத்ததாக 1991இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அதனால்தான் கருவுறும் முன்பே ஆரம்பிக்கச் சொல்கிறார்கள்.

ஆனா மாத்திரை வந்ததும் கேள்வி சுருங்கிவிட்டது. “என்ன சாப்பிடுறே?” என்று கேட்டார் வில்ஸ். நாம் கேட்பது, “மாத்திரை போட்டியா?”

பல வீடுகளில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகுதான் அவள் தட்டு. கீரையை ரொம்ப நேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஃபோலேட்டில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பிரசவமானதும் பத்தியம் என்று இருக்கிற கீரையையும் சில வீடுகளில் நிறுத்திவிடுகிறார்கள். தாய்ப்பாலில் ஃபோலேட் அளவு சட்டென்று குறையாது, குழந்தைக்குப் போக வேண்டியது போய்விடும். எடுக்கப்படுவது அம்மாவின் இருப்பிலிருந்து. உடம்பே அவளைக் கடைசியில் உட்கார வைக்கிறது என்றால், வீட்டில் இருக்கிற நாம் அவளுக்கு முதலில் பரிமாறத்தான் வேண்டும். பருப்பு, கீரை, முட்டை, பயறு. பால் கொடுக்கிற மாதங்களிலும்தான்.