பச்சை எடையும் வெந்த கீரையும்

'கீரையில சத்து இருக்கு' என்பது நமக்குப் பாட்டி சொல் மாதிரி கேட்கிறது. ஆனால் எந்தக் கீரையில் எவ்வளவு என்கிற கணக்கு பாட்டியிடமிருந்து வந்ததல்ல. அதன் தொடக்கம் குன்னூர். 1920களில் அங்கே ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளை எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாட்டு எலி திடமாக நின்றது, மதராஸி சாப்பாட்டு எலி கடைசி. வெள்ளை ராணுவத்தின் 'போர்க்குடி' கற்பனை எலிக்கூண்டுக்குள்ளும் புகுந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனாலும் வெறும் சோற்றைத் தின்றால் எலியென்ன, ஆளும் மெலியத்தான் செய்யும்.

மெக்காரிசனுக்குப் பின் அய்க்ராய்ட் 1937ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். கூடம் ஹைதராபாத்துக்குப் போன பிறகு கோபாலனும் உடன் உழைத்தவர்களும் 1971ல் அதை விரித்தார்கள். நம் பாடப்புத்தகங்களும் சுகாதாரச் சுவரொட்டிகளும் இந்த மரபிலிருந்து வந்தவைதான். 100 கிராமில் அகத்திக்குச் சுண்ணாம்புச் சத்து 1130 மில்லிகிராம், முருங்கைக்கீரைக்கு 440, பாலக்குக்கு 73. எல்லாம் பச்சை எடை. அகத்தியைப் பச்சையாய்த் தின்பது மாடுதான்.

வேகவைத்தால் கணக்கே மாறுகிறது. வைட்டமின் சி சூட்டில் அழியும், மீதியில் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். கரோட்டின் பெரும்பாலும் தங்கும்; எண்ணெய் சேர்ந்தால் உடம்பில் நன்றாகவும் ஒட்டும். சுண்ணாம்பைக் கட்டிவைக்கிற ஆக்சாலிக் அமிலம் கொதித்த நீரோடு ஓரளவு போய்விடும், அது நல்லதே. ஆக, வடிச்சு ஊத்துகிற வீட்டில் ஒரு கீரை, மத்தில் கடைகிற வீட்டில் அதே கீரை வேறு கீரை. அரிசி களைந்த தண்ணியில் வைக்கிற அகத்திக்கீரைத் தண்ணிச்சாற்றில் இறங்கிய சத்தும் வயித்துக்குத்தான் போகும். எந்தக் கீரை உசத்தி என்று கேட்பவர்கள் எந்தச் சட்டி என்று கேட்பதில்லை.

இதைவிட வலிக்கிற கதை இரும்பு. 1971 அட்டவணையில் முளைக்கீரைக்கு 25.5 மில்லிகிராம், பாலக்குக்கு 10.9. 1989ல் திருத்தியபோது அவை 3.49, 1.14 என்று சரிந்தன. கீரை மாறவில்லை, அளந்த முறை மாறியது. சுவரொட்டி மட்டும் மாறாமலே பல காலம் நின்றது.

எங்கள் தேவாரத்திலும் போடியிலும் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களிடம் ரத்தசோகைக்கு எல்லோரும் சொல்வது, "கீரை சாப்பிடும்மா." 2020ன் இந்தியப் பரிந்துரைப்படி ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேணும். பழைய எண்ணை நம்பினால் 114 கிராம் முளைக்கீரை போதும், புது எண்படி 830 கிராம். இருட்டினபிறகு இறங்கி வருகிற ஒருத்தி இவ்வளவையும் ஆய்ந்து, அலசி, கடைந்து, எல்லாருக்கும் வைத்துவிட்டுக் கடைசியில் தான் சாப்பிட உட்காரும்போது சட்டியில் என்ன மிஞ்சும்? தோட்டத்து ஓரத்தில் முளைத்த மணத்தக்காளியைப் பறிக்கலாம்தான். ஏலத்துக்கு அடிக்கிற மருந்து அதன் மேலும்தான் விழுகிறது. அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

1980ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது மதுரை மாவட்டமும் அதில் இருந்தது. அன்றைக்குத் தேவாரமும் மதுரை மாவட்டம்தான். தராசில் மாதாமாதம் குழந்தையின் எடை ஏறியது. தாயின் கூலியை எடைபோடத் தராசு கிடையாது. கீரையைப் பற்றிய அறிவுரை சம்பளத்தைப் பற்றிய பேச்சுக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் என் சண்டை, கீரையோடு அல்ல.

2017ல் ஹைதராபாத்திலிருந்து புதிய அட்டவணை வந்தது, 528 உணவுகள். கருவிகள் நுட்பமானவை, எண்கள் நம்பத்தக்கவை. கீரைகள் அதிலும் பச்சையாகத்தான் நிற்கின்றன.