மொறிஸ் மைனரா, ஒஸ்ரின் ஏ-40ஆ?

விடுமுறையில் யாழ்ப்பாணம் போனவர்கள், தாத்தா வயதுள்ள கார் ஒன்று வீதியில் ஓடுவதைக் கண்டு படம் எடுத்திருப்பீர்கள். அது மொறிஸ் ஆகவோ ஒஸ்ரின் ஆகவோ இருந்திருக்கலாம். இங்கிலாந்தில் இவை கண்காட்சிக்குப் போகும் கார்கள். அங்கே மட்டும் எப்படி இத்தனை காலம் உழைத்தன? 1952ஆம் ஆண்டின் இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்போம்.

முதலாவது மொறிஸ் மைனர். பின்னாளில் மினி காரை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது, 1948இல் வெளிவந்தது. 1952இல் வந்த இரண்டாம் வரிசை மைனருக்கு 803 சிசி எஞ்சின், 30 குதிரைவலு. இரண்டாவது ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற். அதற்கு 1,200 சிசி எஞ்சின், 42 குதிரைவலு.

நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைப் பிடிக்க ஒஸ்ரினுக்கு அரை நிமிடம் வேண்டும். மைனருக்கோ ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு! நேர் வீதியில் ஒஸ்ரின்தான் வெல்லும். ஆனால் வளைவுகளில் மைனர் கெட்டிக்காரன். எடை குறைவு, ஸ்ரியறிங்கும் துல்லியம். ஒஸ்ரினோ தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய பாரமான கார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மொறிஸும் ஒஸ்ரினும் பரம வைரிகளாக இருந்த நிறுவனங்கள். 1952இல் இரண்டும் ஒன்றாக இணைந்தன. அந்த 803 சிசி எஞ்சினே ஒஸ்ரின் செய்ததுதான்!

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். 1990இல் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது மிக அரிதாயிற்று. மக்கள் கார்களை மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள்.

எல்லாக் காரும் அதற்குச் சம்மதிக்காது. எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் கலந்து அழுத்தப்பட்ட பிறகே பொறி பறக்க வேண்டும். அழுத்தம் கூடினால் மண்ணெண்ணெய் தானாகவே முந்தி எரிந்து எஞ்சினைக் கெடுத்துவிடும். இன்றைய பெற்றோல் கார்களில் அழுத்த விகிதம் 10:1 அளவில் இருக்கும், சிலவற்றில் இன்னும் கூட. அந்த இரண்டு கார்களிலும் அது சுமார் 7:1தான். பலவீனம் போலத் தெரிந்த அதே விடயம் அங்கே கைகொடுத்தது.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் தாங்க முடியாது. கரி பிடித்த பிளக்கை அடிக்கடி கழற்றித் துடைக்கவும் வேண்டும். ஆனாலும் கார் ஓடியது. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்.

அப்படியானால் எது நல்ல கார்? வேகம் கேட்டால் ஒஸ்ரின், வளைவு கேட்டால் மொறிஸ். ஆனால் 1990களின் யாழ்ப்பாணம் கேட்டது வேறு: கிடைத்ததைக் குடித்து ஓட வேண்டும், ஊர் மெக்கானிக் ஸ்பானரோடு வந்து திருத்தக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தச் சோதனையில் இரண்டுமே தேறின.

அடுத்த முறை அம்மம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது, மண்ணெண்ணெய்க் கார் ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் ஏறி எங்கே போனவா, ஏன் போனவா என்றும் கேளுங்கள். அந்தக் கதை எந்தக் கார்ப் புத்தகத்திலும் இல்லை.